வரிசையை மறைத்தால் நெடுவரிசைகள் ஏன் நகர்கின்றன: ஒரு அட்டவணையைச் சரிசெய்த கதை

நூலகப் பட்டியல் ஒன்றைக் காட்டும் இணையப் பக்கம். அட்டவணையில் ஆறு நெடுவரிசைகள்: எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, வகை, நிலை. ஒவ்வொரு நூலுக்கும் கீழே இன்னொரு வரிசை மறைந்திருக்கும். 'விவரம்' பொத்தானை அழுத்தினால் அது திறந்து, நூலைப் பற்றிய குறிப்பு, பதிப்பு, இணைய முகவரி எல்லாம் தெரியும். மேலே ஒரு தேடல் பெட்டி. அதில் எழுத எழுத, பொருந்தாத வரிசைகள் மறைந்துகொண்டே போகும்.

செயல்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பார்க்க முடியவில்லை. ஒரு விவரத்தைத் திறந்தால் தலைப்பு நெடுவரிசை சுருங்குகிறது, ஆண்டு நெடுவரிசை காரணமே இல்லாமல் அகலமாகிறது. மூடினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போகிறது. தேடும்போது இன்னும் மோசம்; ஒவ்வொரு எழுத்துக்கும் அட்டவணை முழுவதும் இடமும் வலமும் ஆடுகிறது. படித்துக்கொண்டிருந்த வரி கண்ணுக்குத் தப்பிப்போகிறது. வரிசையாகப் படிக்கத்தான் அட்டவணை. படிக்கும்போதே அது நகர்ந்தால் அதனால் என்ன பயன்? இதைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. என்ன பார்த்தேன், எதை மாற்றினேன், எதை விட்டுவிட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பக்கத்தின் மற்ற அலங்காரங்களை எல்லாம் கழற்றிவிட்டு, அட்டவணையை மட்டும் தனிக் கோப்பில் போட்டுக்கொண்டேன். கட்டங்களின் எல்லை தெரிவதற்குப் பார்டர் போடாமல் அவுட்லைன் போட்டேன். பார்டர் இடம் எடுத்துக்கொள்ளும், அதனால் நாம் அளக்க வந்த அகலமே மாறிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது. பிறகு கன்சோலில் (பிரவுசரிலேயே கட்டளை எழுதிப் பார்க்கும் பலகை) தலைப்பு வரிசையின், அதாவது நெடுவரிசைப் பெயர்கள் உள்ள மேல் வரிசையின், ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் மறைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதற்கு 'ஆஃப்செட்விட்த்' என்ற அளவு வேண்டாம். அது முழு எண்ணாக மாற்றிவிடும். 'கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்' என்ற கட்டளை பின்னத்தோடு தரும். அரை பிக்சல் நகர்வுகூடக் கண்ணில் ஒரு துடிப்பாகத் தெரியும் என்பதால் பின்னம் முக்கியம்.

நெடுவரிசையின் அகலத்தை யார் தீர்மானிக்கிறார்கள்

நாம் எதுவும் சொல்லாவிட்டால் அட்டவணை 'ஆட்டோ' முறையில் அமைகிறது. அந்த முறையில் பிரவுசர் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அகலங்களைக் கணக்கிடுகிறது. ஒன்று குறைந்தபட்ச அகலம்: எவ்வளவு மடக்கினாலும் இதற்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் உடைக்க முடியாத ஒரு நீளமான சொல் அங்கே இருக்கிறது. இன்னொன்று அதிகபட்ச அகலம்: மடக்காமல் ஒரே வரியில் எழுதினால் ஆகும் நீளம். ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லாக் கட்டங்களிலும் பெரிய குறைந்தபட்சம் எதுவோ அது அந்த நெடுவரிசையின் குறைந்தபட்சம். பெரிய அதிகபட்சம் எதுவோ அது அதன் அதிகபட்சம்.

அதாவது நானூறு வரிசை இருந்தாலும், ஒரு நெடுவரிசையின் அகலத்தை ஒன்றிரண்டு கட்டங்களே நிர்ணயித்துவிடுகின்றன. அந்தக் கட்டம் மறைந்தால் அடுத்த நீளமான கட்டம் அந்த இடத்துக்கு வருகிறது.

சரி, அப்படியானால் அந்த நெடுவரிசை மட்டும்தானே மாற வேண்டும், மற்றவை ஏன் நகர்கின்றன? இதற்கு ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 900 பிக்சல் அகலமுள்ள ஒரு அட்டவணை. மூன்று நெடுவரிசைகளின் அதிகபட்ச அகலங்கள் 100, 200, 300. மொத்தம் 600தான். மிச்சமிருக்கும் 300 பிக்சலை அந்தந்த நெடுவரிசையின் அதிகபட்ச அகலத்துக்கு ஏற்ற விகிதத்தில் பிரவுசர் பிரித்துக் கொடுக்கிறது. ஆக 150, 300, 450. இப்போது மூன்றாம் நெடுவரிசையில் மிக நீளமான கட்டம் இருந்த வரிசையை மறைத்துவிடுகிறோம். அதன் அதிகபட்சம் 200 ஆகிறது. மொத்தம் 500. மிச்சமுள்ள 400ஐப் பிரித்தால் 180, 360, 360. மறைத்தது மூன்றாம் நெடுவரிசையின் ஒரு நீளமான வரி, நகர்ந்தது மூன்றும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்துபோனால் மற்ற எல்லாரும் தள்ளி உட்கார்வது போலத்தான் இது.

அட்டவணைக்குக் கிடைக்கும் இடம் அதிகபட்சங்களின் கூட்டலைவிடக் குறைவாக இருந்தால் கணக்கு வேறு. எல்லா நெடுவரிசைக்கும் முதலில் குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியின் விகிதத்தில் பிரிக்கிறது. இந்த இரண்டாவது கணக்குதான் எங்கள் 'விவரம்' வரிசையின் மர்மத்தை அவிழ்த்தது.

விவர வரிசையில் ஒரே ஒரு கட்டம். அது கால்ஸ்பான் (ஒரு கட்டத்தைப் பல நெடுவரிசைகளுக்கு நீட்டும் பண்பு) மூலம் ஆறு நெடுவரிசைகளையும் தாண்டி நிற்கிறது. அதனுள்ளே ஒரு முழுப் பத்தி. அந்தப் பத்தியை ஒரே வரியில் எழுதினால் இரண்டாயிரம் பிக்சலுக்கு மேல் போகும். ஆறையும் தாண்டி நிற்கும் கட்டத்தின் தேவையை அது தாண்டும் நெடுவரிசைகள் பகிர்ந்துகொண்டாக வேண்டும். எப்படிப் பகிர்வது என்பதற்கு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் 2.1 பதிப்பு ஒரு வழியைச் சொல்கிறது: தோராயமாகச் சம அளவில் அகலப்படுத்தலாம். ஆனால் ஆட்டோ முறையின் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை. எப்படிப் பகிர்ந்தாலும் விளைவு ஒன்றுதான். மூடியிருந்தபோது இடம் தாராளமாக இருந்தது, முதல் கணக்கு ஓடியது. திறந்ததும் தேவை இடத்தைவிட அதிகமாகிறது, பிரவுசர் இரண்டாம் கணக்குக்குத் தாவுகிறது. நான்கு இலக்கம் மட்டுமே உள்ள ஆண்டு நெடுவரிசைக்கும் தனக்குச் சம்பந்தமில்லாத பத்தியின் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் அது வீங்கியது.

தமிழ் உரைக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஒட்டி ஒட்டி வளரும் மொழி. 'வெளியிடப்பட்டிருக்கின்றனவாம்' என்ற ஒரு சொல் இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக நிற்கும். இப்படி ஒரு சொல் குறுகிய நெடுவரிசையில் விழுந்தால் அதன் குறைந்தபட்ச அகலம் எகிறிவிடும். விவர வரிசையில் உள்ள நீண்ட இணைய முகவரிகளும் அதே வேலையைச் செய்தன.

மறைப்பதில் மூன்று வகை

மறைப்பது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அட்டவணைக்கு அது மூன்று வெவ்வேறு செயல்கள்.

'டிஸ்ப்ளே: நன்' என்றால் அந்த வரிசைக்குப் பெட்டியே உருவாகாது. அகலக் கணக்கில் அது இல்லவே இல்லை. இடமும் போகும், அதன் செல்வாக்கும் போகும். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லின் 'ஹிடன்' பண்பும் உள்ளே இதையேதான் செய்கிறது.

'விசிபிலிட்டி: ஹிடன்' என்றால் எழுத்து மட்டும் தெரியாது. உயரம், அகலம் இரண்டும் அப்படியே நிற்கும். நெடுவரிசைகள் அசையாது, ஆனால் வெற்றுப் பட்டை தெரியும். தேடலுக்கு இது உதவாது. நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

மூன்றாவது, அட்டவணைக்கென்றே வைத்திருக்கும் 'விசிபிலிட்டி: கொலாப்ஸ்'. வரிசையின் உயரம் போய்விடும், ஆனால் அதன் கட்டங்கள் நெடுவரிசை அகலக் கணக்கில் தொடர்ந்து பங்கெடுக்கும். அட்டவணையை முழுவதுமாக மறுபடி அடுக்காமல் வரிசைகளை எடுக்கவும் போடவும் வேண்டும் என்ற நோக்கத்தில்தான் 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2இல் இதைச் சேர்த்தார்கள். நம் பிரச்சினைக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தெரிகிறது, இல்லையா?

அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நகர்வு நின்றது. ஆனால் நின்ற நிலை பிடிக்கவில்லை. எல்லா விவர வரிசைகளும் மூடியிருக்கும்போதுகூட அவற்றின் நீண்ட பத்திகளும் முகவரிகளும் அகலத்தை ஆட்டிவைக்கின்றன. ஆண்டு நெடுவரிசை எப்போதுமே வீங்கியபடி நிற்கிறது. திறக்காத ஒன்றுக்காக அட்டவணை ஏன் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது. தேடல் வடிகட்டிக்கு இது நியாயமான முறை, ஏனென்றால் அங்கே மறையும் வரிசைகளும் காட்டும் வரிசைகளும் ஒரே வகை. விவர வரிசைக்கு இது பொருந்தாது.

இன்னொரு கவலையும் இருந்தது. 'கொலாப்ஸ்' எல்லாப் பிரவுசரிலும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. எம்டிஎன் என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத் தளமே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. சிலவற்றில் இது வெறும் 'ஹிடன்' போல நடந்து வெற்றிடத்தை விட்டுவைக்கும், குறிப்பாக நெடுவரிசைகளை மறைக்கும்போது. அதனால் இதையே தூணாக வைத்து எதையும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

போகிற போக்கில் ஒன்று. பக்கத்தின் பழைய ஜாவாஸ்கிரிப்டில் (பக்கத்தை இயக்கும் நிரல்) வரிசையைத் திரும்பக் காட்ட 'டிஸ்ப்ளே: பிளாக்' என்று எழுதியிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7 காலத்தில் 'டேபிள்-ரோ' என்ற மதிப்பு அவற்றுக்குத் தெரியாது என்பதால் வந்த பழக்கம். இப்போது இப்படி எழுதினால், அந்த வரிசை அட்டவணையின் வரிசையாகவே இருக்காது. பிரவுசர் அதைச் சுற்றித் தானாக ஒரு கட்டத்தை உருவாக்கி, வரிசை முழுவதையும் முதல் நெடுவரிசைக்குள் திணிக்கிறது. எண் நெடுவரிசை வெடித்து அகலமாகிவிடும். திரும்பக் காட்டும்போது மதிப்பை வெறுமையாக்கினாலே போதும்; டிஆர், அதாவது வரிசைக்கான எச்டிஎம்எல் டேக், தன் இயல்புக்குத் திரும்பிவிடும். நான் ஸ்டைலைத் தொடுவதையே விட்டுவிட்டு 'ஹிடன்' பண்பை வைப்பதும் எடுப்பதுமாக மாற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை: சிஎஸ்எஸ்ஸில் எங்காவது டிஆருக்கு 'டிஸ்ப்ளே' மதிப்பு எழுதியிருந்தால் அது ஹிடனை வென்றுவிடும். அதைத் தேடி நீக்க வேண்டும்.

பிக்ஸ்டு முறைக்கு மாற்றியது

அகலத்தைத் தரவு தீர்மானிக்க வேண்டுமா, நான் தீர்மானிக்க வேண்டுமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. தரவு தீர்மானித்தால் தரவு மறையும்போது அகலம் மாறத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல முடியாது, ஆட்டோ முறையின் இயல்பே அது. இந்த நூல் பட்டியலில் ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆண்டு எப்போதும் நான்கு இலக்கம். நிலை என்பது இரண்டு மூன்று சொற்களில் ஒன்று. அப்படியிருக்க நானூறு வரிசைகளையும் அளந்து முடிவெடுக்கும்படி பிரவுசரை ஏன் கேட்க வேண்டும்?

'டேபிள்-லேஅவுட்: பிக்ஸ்டு' என்று சொன்னால் பிரவுசர் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. முதலில் கால் டேக்குகளில் (நெடுவரிசைக்கான டேக்குகள்) அகலம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் முதல் வரிசையின் கட்டங்களைப் பார்க்கும். மிச்சமுள்ள நெடுவரிசைகள் மீதி இடத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும். இதோடு முடிந்தது, இரண்டாம் வரிசையிலிருந்து என்ன இருந்தாலும், மறைந்தாலும், திறந்தாலும் அகலம் மாறாது. பெரிய அட்டவணைகளில் வேகமும் கூடும், ஏனென்றால் முதல் வரிசை வந்தவுடனே வரைய ஆரம்பிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. அட்டவணைக்கு அகலம் தந்தாக வேண்டும். 'விட்த்: ஆட்டோ' என்று விட்டுவிட்டால் பிரவுசர் பழைய ஆட்டோ முறைக்கே போய்விடும், பிக்ஸ்டு என்று எழுதியதற்குப் பலன் இருக்காது. நான் நூறு சதவீதம் கொடுத்தேன். அடுத்தது, முதல் வரிசையை நம்ப வேண்டாம். முதல் வரிசையே 'டிஸ்ப்ளே: நன்' ஆனால் அடுத்த வரிசை முதல் வரிசையாகிவிடும், அகலமும் அதோடு மாறும். முதல் வரிசையில் கால்ஸ்பான் இருந்தாலும் குழப்பம்தான். அட்டவணையின் தொடக்கத்தில் கால்குரூப் ஒன்று வைத்து, அதனுள் ஆறு கால் டேக்குகளை எழுதி, அகலங்களை அங்கே கொடுப்பதுதான் உறுதியான வழி. கால் டேக்கில் எழுதும் அகலம் கட்டத்தின் பேடிங்கையும் (உரையைச் சுற்றியுள்ள உள் இடைவெளி) சேர்த்தது. அதை மறந்தால் எண்கள் நெருக்கியடித்து நிற்கும்.

எண், ஆண்டு, நிலை ஆகியவற்றுக்கு 'எம்' அலகில் அகலம் கொடுத்தேன், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் கூடவே வளரும். ஆசிரியர், வகை இரண்டுக்கும் சதவீதம். தலைப்புக்கு எதுவும் தரவில்லை. மீதி முழுவதும் அதற்கு. இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. திரை குறுகும்போது மற்ற ஐந்தும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டால் தலைப்புக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம், மிக முக்கியமான நெடுவரிசையே காணாமல் போய்விடும். அதனால் அட்டவணைக்குக் குறைந்தபட்ச அகலம் வைத்து, அதை ஒரு டிவ்வுக்குள் (பொதுவான பெட்டி டேக்) போட்டு, அந்த டிவ்வைக் கிடைமட்டமாக உருட்டும்படி செய்தேன்.

உள்ளடக்கத்தைப் பார்க்காத முறை என்பதால் நீளமான சொல் கட்டத்தை விட்டு வெளியே வழியும், பக்கத்துக் கட்டத்தின் மீது எழுதும். இதற்கு 'ஓவர்ஃபுளோ-ராப்' வேண்டும். அதில் நமக்கு உதவுபவை 'பிரேக்-வேர்டு', 'எனிவேர்' என்ற இரண்டு மதிப்புகள். இரண்டும் வேறு வழியில்லாதபோது சொல்லை உடைக்கும். வேறுபாடு குறைந்தபட்ச அகலக் கணக்கில்தான். 'எனிவேர்' கொடுத்தால் அந்த உடைப்பு வாய்ப்புகளும் கணக்கில் வரும், குறைந்தபட்சம் சுருங்கும். 'பிரேக்-வேர்டு' கொடுத்தால் கணக்கு மாறாது. பிக்ஸ்டு முறையில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். ஆட்டோ அட்டவணையில் 'பிரேக்-வேர்டு' போட்டுவிட்டு ஏன் பலனில்லை என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

ஆட்டோவாகவே இருக்க வேண்டுமென்றால்

இந்தப் பக்கத்தோடு சேர்ந்த இன்னொரு அட்டவணை இருந்தது. அதன் நெடுவரிசைகள் பயனர் பதிவேற்றும் கோப்பிலிருந்து வருகின்றன. எத்தனை, என்னென்ன என்று முன்கூட்டித் தெரியாது. அங்கே பிக்ஸ்டு போட்டால் இரண்டெழுத்து நெடுவரிசைக்கும் நீண்ட வாக்கியத்துக்கும் ஒரே அகலம் வரும். அது அநியாயம். ஆட்டோதான் வேண்டும், ஆனால் விவர வரிசை மட்டும் கணக்கில் வரக் கூடாது.

இதற்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. விவரக் கட்டத்தின் உள்ளே ஒரு டிவ் போட்டு, உள்ளடக்கம் முழுவதையும் அதற்குள் வைத்து, அந்த டிவ்வுக்கு 'கன்டெய்ன்: இன்லைன்-சைஸ்' என்று ஒரே ஒரு வரி. இதன் பொருள்: இந்தப் பெட்டியின் அகலத்தைக் கணக்கிடும்போது உள்ளே ஒன்றுமே இல்லாதது போல நடந்துகொள். அகலக் கணக்குக்கு அதன் பங்கு பூஜ்யம். மற்ற வரிசைகள் பேசி முடித்த அகலத்தில் டிவ் தானாக விரிந்து நிரம்பும். உரை அதற்குள் மடங்கும். உயரம் வழக்கம்போல உரைக்கேற்ப வளரும். திறந்தாலும் மூடினாலும் மேலே உள்ள நெடுவரிசைகள் ஒரு பிக்சல்கூட அசையவில்லை. இதை டிடி (கட்டத்துக்கான டேக்) மீது நேரடியாகப் போட்டால் பலிக்காது; அட்டவணையின் உள்ளுறுப்புகளுக்கு இந்த அடைப்பு பொருந்தாது என்பது விதி. கட்டாயம் உள்ளே ஒரு டிவ் வேண்டும்.

பழைய பிரவுசர்களையும் கவனிக்க வேண்டியிருந்தால், அதே டிவ்வுக்கு அகலம் பூஜ்யம், குறைந்தபட்ச அகலம் நூறு சதவீதம் என்று கொடுக்கும் பழைய தந்திரம் இருக்கிறது. அதே விளைவு, கொஞ்சம் சுற்றுவழி.

தேடல் வடிகட்டிக்கு இது போதாது, ஏனென்றால் மறைபவை சாதாரண வரிசைகள். அங்கே அளந்து பூட்டும் வழியை எடுத்தேன். பக்கம் ஏற்றப்பட்டதும் எல்லா வரிசைகளும் தெரியும் நிலையில், தலைப்பு வரிசைக் கட்டங்களின் அகலத்தை அளந்து, மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, கால் டேக்குகளில் எழுதி, அதற்குப் பிறகே பிக்ஸ்டு முறைக்கு மாற்றுகிறது ஜாவாஸ்கிரிப்ட். முதலில் தரவு தீர்மானிக்கிறது, பிறகு அந்தத் தீர்மானம் உறைந்துவிடுகிறது. பிக்சலில் பூட்டினால் ஜன்னலின் அளவை மாற்றியதும் எண்கள் பொருந்தாமல் போகும், சதவீதம் தாங்கும். அளக்கும் நேரமும் முக்கியம். தமிழ் எழுத்துரு இணையத்திலிருந்து இறங்கி வரும் வரை மாற்று எழுத்துருதான் தெரியும். இரண்டின் அகலமும் ஒன்றல்ல. 'டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி' நிறைவேறும்வரை காத்திருந்து அளந்தபோதுதான் எண்கள் சரியாக வந்தன.

நெடுவரிசையையே மறைக்கும்போது

'வகை'யைக் காட்டு, மறை என்று ஒரு தேர்வுப் பெட்டியும் இருந்தது. ஐந்தாவது பிள்ளையாக உள்ள எல்லாக் கட்டங்களுக்கும் 'டிஸ்ப்ளே: நன்' என்று, எத்தனையாவது என எண்ணித் தேர்ந்தெடுக்கும் 'என்த்-சைல்டு' மூலம் எழுதுவது எளிய வழி. இதை பிக்ஸ்டு முறையோடு சேர்த்தால் ஒரு வேடிக்கையான பிழை வரும். கட்டங்கள் இல்லாமல் போனதும் வலதுபக்கக் கட்டங்கள் இடம்பெயர்ந்து வருகின்றன. நிலை இப்போது ஐந்தாம் இடத்தில். ஆனால் கால்குரூப்பில் ஐந்தாவது கால் டேக் இன்னும் வகைக்கு எழுதிய அகலத்தோடு அங்கேயே நிற்கிறது. ஆக, நிலைக்கு வகையின் அகலம் கிடைக்கிறது. ஆறாவதாக எழுதிய கால் டேக் கட்டமே இல்லாத ஒரு நெடுவரிசைக்கு இடம் பிடித்துவைத்திருக்கிறது. கட்டங்களை மறைக்கும்போது அதே எண்ணுள்ள கால் டேக்கையும் 'டிஸ்ப்ளே: நன்' செய்ய வேண்டும், அப்போதுதான் கணக்கு சேரும். விவர வரிசையின் கால்ஸ்பானையும் ஆறிலிருந்து ஐந்தாக்க வேண்டும். தவிர, 'என்த்-சைல்டு' டேக்குகளை எண்ணுமே தவிர நெடுவரிசைகளை எண்ணாது. கால்ஸ்பான் உள்ள வரிசையில் ஐந்தாவது டேக் ஐந்தாவது நெடுவரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டங்களுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து மறைப்பதே பாதுகாப்பு.

ரோஸ்பான் உள்ள அட்டவணையாக இருந்தால் வரிசையை மறைப்பதற்கு முன் இன்னும் யோசிக்க வேண்டும். ஒரு கட்டம் மூன்று வரிசைகளுக்குச் சேர்த்து நீண்டிருக்கும்போது, அது தொடங்கும் வரிசையை 'டிஸ்ப்ளே: நன்' செய்தால் அந்தக் கட்டமே போய்விடும், அடுத்த இரண்டு வரிசைகளின் கட்டங்கள் ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்து, ஆசிரியர் பெயர் தலைப்புக்குக் கீழே வந்து நிற்கும். இப்படிச் சேர்ந்திருக்கும் வரிசைகளை ஒரு டிபாடிக்குள் (வரிசைகளைத் தொகுக்கும் டேக்) போட்டுவிடுங்கள். ஒரு அட்டவணையில் எத்தனை டிபாடி வேண்டுமானாலும் இருக்கலாம். மறைத்தால் டிபாடி முழுவதையும் மறைக்கலாம்.

மெதுவாகத் திறப்பது

விவரம் சட்டென்று திறக்காமல் மெதுவாக விரிய வேண்டும் என்று ஒரு கோரிக்கை. டிஆர் அல்லது டிடி மீது உயரத்தை அனிமேட் செய்ய முயல்வது வீண். கட்டத்துக்குக் கொடுக்கும் உயரத்தை அட்டவணை குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது பெரிதாக இருந்தால் கட்டம் வளரும். அதிகபட்ச உயரத்துக்கோ, கட்டங்களுக்கு என்ன விளைவு என்று சிஎஸ்எஸ் 2.1 வரையறுக்கவே இல்லை. ஏற்கெனவே உள்ளே வைத்த டிவ் இங்கேயும் கைகொடுத்தது. அதை ஒரு கிரிட் ஆக்கி, ஒரே வரிசையின் உயரத்தை பூஜ்ய பின்னத்திலிருந்து (0fr) ஒரு பின்னத்துக்கு (1fr) மாற்றினால், அதனுள்ளே 'ஓவர்ஃபுளோ: ஹிடன்' கொடுத்த இன்னொரு டிவ் அழகாக விரிகிறது.

மூடிய பிறகு ஒரு மெல்லிய பட்டை மிஞ்சியது. டிடியின் பேடிங்கும் கீழ்க்கோடும் போட்ட பட்டை அது. உயரம் பூஜ்யமானாலும் பேடிங் போகாது. பேடிங்கை டிடியிலிருந்து எடுத்து ஆக உள்ளே இருக்கும் உரைப்பெட்டிக்குக் கொடுத்தேன். விவரக் கட்டத்தின் பார்டரை நீக்கினேன். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உயரம் பூஜ்யமாக இருப்பதால் மட்டும் அது மறைந்துவிட்டது என்று ஆகாது. உள்ளே இருக்கும் இணைப்புக்கு டேப் விசை போகும், திரைவாசிப்பான் அதைப் படிக்கும். விரிதல் முடிந்து மூடியதும் 'விசிபிலிட்டி: ஹிடன்' சேர வேண்டும், அது டேப் விசை அங்கே போவதையும் திரைவாசிப்பான் படிப்பதையும் தடுக்கும். விவரம் பொத்தானில் 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' திறந்தபோது உண்மை, மூடியபோது பொய் என்று மாற வேண்டும். கண்ணால் பார்க்காதவருக்கு அட்டவணை திறந்ததா என்பதைச் சொல்வது அந்த ஒரு சொல்தான்.

உருள்பட்டை

இவ்வளவுக்கும் பிறகு, தேடலில் முடிவுகள் குறையும்போது அட்டவணை மொத்தமாக ஒரு சின்ன அசைவு அசைந்தது.  சதவீதத்தில் உள்ளவையும் தலைப்பும் சற்று அகலமாயின. கன்சோலில் அளந்தால் அட்டவணையின் மொத்த அகலமே சுமார் 15 பிக்சல் கூடியிருந்தது. வரிசைகள் குறைந்ததால் பக்கம் திரைக்குள் அடங்கிவிட்டது. செங்குத்து உருள்பட்டை மறைந்துவிட்டது. அதன் இடம் பக்கத்துக்குக் கிடைத்துவிட்டது. நூறு சதவீத அட்டவணை அதையும் எடுத்துக்கொண்டது. உருள்பட்டை உள்ளடக்கத்தின் மேல் மிதக்கும் கணினிகளில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் ஒருவருக்குத் தெரிந்த நகர்வு இன்னொருவருக்குத் தெரியவில்லை. எச்டிஎம்எல் மூல உறுப்புக்கு 'ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள்' என்று கொடுத்தால் உருள்பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கான இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அசைவு நின்றது.

ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறும் பட்டைகளும் தேடும்போது குழம்பின; மறைந்த வரிசைகளையும் 'என்த்-சைல்டு' எண்ணுவதால் ஒரே நிறத்தில் இரண்டு மூன்று வரிசை அடுத்தடுத்து வந்தன. இப்போதைய பிரவுசர்களில் 'என்த்-சைல்டு' அடைப்புக்குள் 'ஆஃப்' என்று சேர்த்து, ஹிடன் இல்லாதவற்றை மட்டும் எண்ணச் சொல்லலாம். 2023இலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஒரு வரி மாற்றம்.

கடைசியாக அச்சு. காகிதத்தில் பொத்தானை அழுத்த முடியாது, எனவே அச்சுக்கான மீடியா விதியில் விவர வரிசைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அங்கே ஹிடன் பண்பை வெல்ல 'டிஸ்ப்ளே: டேபிள்-ரோ' என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. தேடலால் மறைந்த நூல்களும் கூடவே அச்சில் வந்துவிடாமலிருக்க, விவர வரிசைக்கென்று ஒரு கிளாஸ் பெயர் வைத்து, தேடலுக்குப் பொருந்தாத நூலின் டிபாடியை முழுவதுமாக மறைக்கும்படி மாற்றினேன். இதனால் நிறப்பட்டைக்கான விதியையும் டிஆரிலிருந்து டிபாடிக்கு நகர்த்தினேன். இப்போது திரையிலும் காகிதத்திலும் ஆறு நெடுவரிசைகளும் அசையாமல் நிற்கின்றன.